மருந்து அடிக்க அடிக்கப் பெருகிய பூச்சி

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எங்க தாளடி வயலின் தெற்கு மூலையில் ஒரு வட்டம் தெரிஞ்சுது. நாலு முழம் இருக்கும். சுற்றிலும் நல்ல பச்சை. அந்த இடம் மட்டும் புகை படிந்த மாதிரி பழுத்துக் கிடந்துச்சு. எங்க ஊரில் சின்னப் பிள்ளைகூடப் பேர் சொல்லிடும்: புகையான்.

நகரத்தில் இருக்கிறவங்களுக்குச் சொல்றேன். புகையான் ஒரு அரிசி அளவுகூட இருக்காது. பழுப்பு நிறம். தண்ணீருக்குச் சற்று மேலே, தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். நாலைந்து இருந்தால் பயிருக்கு ஒண்ணும் ஆகாது. கூட்டம் கூடினால் வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்து போகும்.

பக்கத்து வயல் சித்தப்பா வரப்பில் நின்று பார்த்துட்டு, "இன்னிக்கே மருந்து அடிச்சுடுப்பா. விட்டா நாளைக்கு எனக்கும் வந்துடும்" என்றார். அவர் பயம் நியாயமானது. ஆனாலும் நான் அன்னிக்கு அடிக்கலை. ஏன் என்று சொல்ல அறுபது வருஷத்துக் கதை ஒன்றைச் சொல்லணும்.

1966-இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்ற குட்டை ரகத்தை வெளியிட்டது. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் எங்க டெல்டாவுக்கு ஆடுதுறை 27 வந்தது. குறைந்த நாள் பயிர், யூரியா, வருஷத்துக்கு ரெண்டு போகம், கூடவே பூச்சிமருந்து. எல்லாம் ஒரே கட்டாக வந்தன. பசி தீர்ந்தது, அதை மறுக்க முடியாது. அதுவரை வெப்ப நாடுகளில் புகையானை யாரும் பெரிய எதிரியாக நினைத்ததில்லை. 1970-களில் அது பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று வயல் வயலாக எரித்தது. 1973-74இல் கேரளாவில் பெரிய சேதம்.

முதலில் புது ரகத்தால் தடுக்கப் பார்த்தார்கள். புகையானைத் தாங்கும் ஐ.ஆர்.26 என்ற ரகம் 1973-இல் வந்தது. ரெண்டு மூணு வருஷத்தில் பூச்சி அதையும் சாப்பிடப் பழகிவிட்டது. 1976-இல் ஐ.ஆர்.36. அது கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது. இந்தப் பக்கம் விவசாயிகள் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

அப்போது பிலிப்பைன்ஸ் வயல்களில் பீட்டர் கென்மோர் என்ற ஆராய்ச்சியாளர் பூச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் கண்டது இதுதான்: மருந்து அடிக்காத வயலில் புகையான் கட்டுக்குள் இருந்தது. அடித்த வயலில்தான் பல மடங்கு பெருகியது.

காரணம் புரியாத விஷயமில்லை. புகையான் முட்டையை இலையுறைக்குள் குத்தி வைக்கும். மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடாது. ஆனால் தூருக்குத் தூர் ஓடி வேட்டையாடுகிற ஓநாய்ச் சிலந்தி செத்துவிடும். அது வலை பின்னாது. முட்டைப் பையை வாலில் கட்டிக்கொண்டு, குஞ்சு வந்ததும் முதுகில் சுமந்து திரியும். புகையான் முட்டையைத் தேடிக் குடிக்கிற மிரிட் நாவாய்ப்பூச்சியும் சாகும். ஒரு வாரம் பத்து நாளில் புகையான் குஞ்சு வெளியே வரும்போது வயலில் காவலுக்கு ஆளே இருக்காது. விவசாயி மறுபடி அடிப்பார்.

இதை ஒரு நாட்டு அரசாங்கமே ஒத்துக்கொண்டது இந்தோனேசியாவில். வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக அரிசி வாங்கிக்கொண்டிருந்த நாடு, 1984-இல் தன்னிறைவு அடைந்தது. மருந்து விலையில் பெரும்பகுதியை அரசே மானியமாகக் கொடுத்தது. ரெண்டே வருஷத்தில் ஜாவா தீவில் புகையான் மறுபடி கிளம்பி, கிடைத்த தன்னிறைவே கைவிட்டுப் போகும் நிலை. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ, நெற்பயிரில் 57 மருந்துகளுக்குத் தடை போட்டார். 1989-க்குள் மானியமும் நின்றது. விளைச்சல் விழும் என்று பயந்தவர்கள் உண்டு. விழவில்லை, ஏறியது.

அதே 1989-இல் அங்கே வயல்வெளிப் பள்ளி தொடங்கியது. விவசாயிகள் வாரா வாரம் வயலில் இறங்கி, எது பயிரைத் தின்னுது, எது பூச்சியைத் தின்னுது என்று எண்ணினார்கள். நெல் குத்தை வலையால் மூடி உள்ளே ஒரு சிலந்தியையும் புகையானையும் விட்டு, மறுநாள் வந்து பார்ப்பார்கள். கண்ணால் பார்த்ததை யாரும் மறக்கமாட்டார்கள்.

ஒரு கேள்வி பாக்கி இருந்தது. நட்டு முதல் மாசம் புகையான் இருக்காது. அப்போ சிலந்தி எதைத் தின்று உயிரோடு இருக்கும்? 1996-இல் வெளியான ஜாவா ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. சேற்றில் மக்குகிற வைக்கோல், தழை. அதைத் தின்கிற சின்னச் சின்ன ஈக்களின் புழு. அந்த ஈக்களைத் தின்று சிலந்தி பெருகுது. அதாவது புகையான் வருவதற்கு முன்பே காவல்காரனுக்குச் சேறு சோறு போட்டு வைக்குது. தழை உரம் போட்ட வயலில் அந்தக் காவல் கூடுதலாக இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. எனக்குப் பத்து வயசு இருக்கும். தழை மிதிப்பதை விட்டு, நட்ட இருபதாம் நாளே குருணை மருந்து போட்டார். புகையான் வந்ததும் மூணு தடவை தெளித்தார். கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் வேற டப்பா கொடுத்தார். ஒரு ஏக்கர் எரிஞ்சு போச்சு. அந்த வருஷம் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. "மருந்து பத்தலைடா" என்றுதான் அப்பா கடைசிவரை நம்பினார்.

மருந்தே கூடாது என்று நான் சொல்ல வரலை. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே கணக்கு இருக்கு: தூருக்கு ஒரு புகையான் வந்தால் நடவடிக்கை எடு, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் ரெண்டு வரைக்கும் பொறு. நான் இருபது குத்தைப் பிரித்து எண்ணினேன். தூருக்கு ஒன்றரை வந்தது. இருபதில் பதினெட்டு குத்தில் சிலந்தி. தண்ணீரை வடித்தேன். எட்டு அடிக்கு ஒரு அடி பயிரை ஒதுக்கிப் பட்டம் பிரித்து வெயில் உள்ளே இறங்க விட்டேன். கடைசித் தவணை யூரியாவை நிறுத்தினேன். மூணு நாளைக்கு ஒருதரம் மறுபடி எண்ணினேன். ரெண்டைத் தாண்டியிருந்தால் அடித்திருப்பேன்.

ராத்திரி தூக்கம் வரலைதான். ஜாவாவிலேயே 2010, 2011-இல் புகையான் திரும்ப வந்தது. மருந்து மறுபடி தாராளமாகப் புழங்கின காலம் அது. பாடத்தைப் படித்த ஊரே மறந்துபோகும் என்றால் நாம் எம்மாத்திரம்.

இன்னிக்குக் காலையில் பார்த்தேன். வட்டம் ஒரு குழிக்குக் கீழேயே நின்றுவிட்டது. அந்த நெல் போனது போனதுதான்.

சித்தப்பா இன்னும் மருந்து அடிக்கலை. டப்பா வாங்கித் திண்ணையில் வைத்திருக்கிறார். காலையில் வயலுக்கு வந்தால் முதலில் என் வயலில் இறங்கி ஒரு குத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தன் வயலுக்குப் போகிறார்.