போப் பெயரும் உழவர் விதியும்: ஷத்தோநெஃப்-து-பாப் சிவப்பு ஒயின் வளர்ந்த வரலாறு

பிரான்ஸின் தெற்கே, ரோன் ஆற்றின் கிழக்கில், அவிஞோனுக்கும் ஒராஞ்ஜுக்கும் இடையே இருக்கிறது ஷத்தோநெஃப்-து-பாப். அதன் சிவப்பு ஒயினைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் போப்புகளிடமிருந்தே தொடங்குகிறார்கள். 1309இல் போப்பின் இருக்கை அவிஞோனுக்கு வந்ததும், இருபத்திரண்டாம் யோவான் (1316–1334) இவ்வூர்க் குன்றின்மேல் கோட்டை எழுப்பியதும் உண்மை. ஆனால் இந்த ஒயினின் இன்றைய மதிப்பு அந்தக் கோட்டையிலிருந்து நேராக இறங்கி வந்ததன்று. அதை உண்டாக்கியது 1923இல் ஒன்றுகூடிய திராட்சை உழவர்களின் விதிமுறை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இடைப்பட்ட காலம் பெருமைக்குரியதாக இல்லை. ஊரின் பெயரே 1893 வரை ஷத்தோநெஃப்-கல்செர்னியே என்றுதான் இருந்தது. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபில்லாக்செரா என்னும் வேருண்ணிப் பூச்சி தெற்கு ரோன் தோட்டங்களை அழித்தது; 1868இல் மோம்பெலியே தாவரவியலாளர் பிளான்ஷோன் அதை வேர்களில் கண்டறிந்தார். பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடிகளில் ஒட்டுக்கட்டித் தோட்டங்கள் மீண்டன. ஆனால் விளைந்த ஒயினில் பெரும்பங்கு, பர்கண்டி வணிகர்கள் தம் மெலிந்த ஒயினுக்குத் திடம் சேர்க்கவே பீப்பாய்களில் போனது. போதாததற்கு, வேறிடத்துச் சரக்கும் இவ்வூர்ப் பெயரில் விற்றது.

இந்தப் போலியை எதிர்க்க உழவர்கள் நாடியவர் ஷத்தோ ஃபோர்தியா தோட்டத்தின் பியேர் லெ ருவா. சட்டம் பயின்றவர், முதல் உலகப் போரில் விமானியாக இருந்தவர். அவர் தலைமையில் 1923இல் வகுத்த விதிகள் போலிக்காரர்களைத் தண்டிப்பதோடு நிற்காமல் உழவர்களையே கட்டுப்படுத்தின. அவற்றின் சிறப்பு அங்கேதான் இருக்கிறது. லாவெண்டரும் தைமும் வளரும் வறண்ட, சத்துக்குறைந்த நிலமே எல்லைக்குள் சேரும். குறித்த திராட்சை வகைகளும் கவாத்து முறையும் மட்டுமே செல்லும். ஒயினில் ஆல்கஹால் 12.5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அறுவடையில் தேறாத பழங்களைப் பொறுக்கி ஒதுக்க வேண்டும். தன் விளைச்சலின் ஒரு பகுதியைத் தானே கழித்துவிட உழவர் இசைந்தது எளிய காரியமன்று.

நிலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பகலில் வெயிலை வாங்கி இரவில் வெப்பம் விடும் உருண்டைக் கூழாங்கற்களையே படங்கள் காட்டுகின்றன. அங்கே மணலும் சுண்ணாம்பு மண்ணும் உண்டு. பெரும்புகழ் பெற்ற ஷத்தோ ரயாஸ் தோட்டத்தில் மணலே மிகுதி. கல்லே சுவையின் காரணம் என்பது மிகைக்கூற்று. ரோன் பள்ளத்தாக்கில் வீசும் மிஸ்திரால் காற்று பழத்தைப் பூஞ்சை அண்டாமல் காப்பதையும், கிரெனாஷ் வகை இந்த வெயிலில் முழுதாய்க் கனிவதையும் அதற்கு இணையாக எண்ண வேண்டும். கிரெனாஷோடு சிரா, மூர்வேத்ர் முதலியவற்றைச் சேர்த்து 13 வகைகளுக்கு அனுமதி என்பது மரபுக் கணக்கு. எதையும் எவ்வளவும் கலக்கலாம். ஆகவே ஒவ்வொரு தோட்டத்தின் ஒயினும் தனிச்சுவை கொள்கிறது.

ஊரின் பெயரையும் அதன் எல்லையையும் காக்க உழவர்கள் தொடுத்த வழக்கு நீதிமன்றங்களில் நீண்டு 1933இல் முடிந்தது. 1935இல் ஜோசஃப் கப்புய் முன்னின்று கொண்டுவந்த சட்டம் இதே நெறியை நாடு முழுவதற்குமாக்கியது. 1936 மே 15இல் புவிப்பெயர் உரிமை பெற்ற முதல் ஒயின்களில் ஷத்தோநெஃப்-து-பாப்பும் ஒன்று. அந்த உரிமைகளை ஆளும் தேசிய நிறுவனத்துக்கு 1947 முதல் 1967இல் இறக்கும்வரை தலைவராக இருந்தவர் லெ ருவாவே. புட்டியின் கழுத்துப் புடைப்பில் போப்பின் மணிமுடியும் சாவிகளும் இருக்கின்றன. ஆனால் அந்தப் புட்டிக்குள் இருப்பதன் தரத்துக்கு உறுதி தந்தவர்கள் 1923இன் உழவர்கள்.