கூடம் கோணல்!

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நம்ம ஊரில் ஒரு பழமொழி. தோற்றவன் வாயைத் திறந்து ஏதாவது சாக்குச் சொன்னால் போதும், உடனே இதை எடுத்து வீசிவிடுவோம். அவனும் கப்சிப் ஆகிவிடுவான்.

சரி... ஒருவேளை கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால்?

அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரம். வெயில் மண்டையைப் பிளக்கும் பாலைவன ஊர். 'பிங்' என்ற கோல்ஃப் மட்டை கம்பெனியின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. கோல்ஃப் பைத்தியங்களுக்கு அது கிட்டத்தட்ட ஒரு க்ஷேத்திரம். சுற்றிப் பார்க்க வருகிற ரசிகர்கள் மட்டைகள் தயாராவதைப் பார்ப்பார்கள், தங்களுக்கு அளவெடுத்துக்கொள்வார்கள். ஆனால், எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற இடம் ஓர் அறை. சுவர் முழுக்கத் தங்கம்! வரிசை வரிசையாக, ஆயிரக்கணக்கில் தங்க 'பட்டர்'கள்.

பட்டர் என்றால் வெண்ணெயும் இல்லை, கோயில் பட்டரும் இல்லை. கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுவதற்கான கடைசி மட்டை. பிங் பட்டரை வைத்து யாராவது பெரிய போட்டியில் ஜெயித்தால், அதே மாதிரி இரண்டு செய்து தங்க முலாம் பூசுவார்கள். ஒன்று ஜெயித்தவருக்கு. இன்னொன்று அவர் பெயர் பொறித்து இந்த அறைக்கு. நான்கு 'மேஜர்' போட்டிகளில் ஒன்றை ஜெயித்துவிட்டால் முலாம் எல்லாம் கிடையாது, சொக்கத் தங்கம்!

இத்தனையையும் ஆரம்பித்து வைத்தவர், 42 வயது வரை கோல்ஃப் மட்டையைக் கையால் தொடாத ஓர் ஆசாமி.

கார்ஸ்டன் சோல்ஹைம். 1911-ல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவின் சியாட்டிலுக்குப் பிழைக்க வந்தது. அப்பா செருப்புத் தைக்கிறவர். பையனும் கடையில் உட்கார்ந்து ஷூ தைத்தான். இன்ஜினீயர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கல்லூரிக்குப் போனால், 1930-களின் பொருளாதாரப் பெருமந்தம் வந்து படிப்பைப் பாதியில் நிறுத்தியது. மறுபடி செருப்புக் கடை. அப்புறம் தட்டுத்தடுமாறி விமானக் கம்பெனியில் வேலை, அங்கிருந்து ஜெனரல் எலெக்ட்ரிக்.

ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்தபோது ஒரு சம்பவம். கையில் தூக்கிக்கொண்டு போகிற சிறிய டி.வி. அப்போதுதான் வந்திருந்தது. அதற்கு முயல் காது மாதிரி இரட்டைக் கம்பி ஆன்டெனா ஒன்றை வடிவமைத்தார் சோல்ஹைம். கம்பெனி அதைச் செய்து விற்க ஆர்வம் காட்டவில்லை. வேறொரு கம்பெனி எடுத்துச் செய்து, 20 லட்சம் விற்றது. சோல்ஹைமுக்கு என்ன கொடுத்தார்கள்? தங்க முலாம் பூசிய ஓர் ஆன்டெனா! அதை வீட்டில் வைத்துக்கொண்டு அழகு பார்க்கலாம், அவ்வளவுதான். 'இனிமேல் எதைக் கண்டுபிடித்தாலும் நானேதான் செய்து விற்பேன்' என்று அன்றைக்கு மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார் மனிதர்.

42 வயதில், ஆபீஸ் நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று கோல்ஃப் ஆடப் போனார். தூரத்து அடிகள் சுமாராக வந்தன. பட்டரைக் கையில் எடுத்தால் மட்டும் மானம் போயிற்று. கோல்ஃபில் இது சின்ன விஷயம் இல்லை. 18 குழிகளுக்கு 72 அடி என்று கணக்கு வைத்தால், அதில் பாதி, அதாவது 36 அடி, இந்தக் கடைசி உருட்டலுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. குழியின் அகலமோ 10.8 சென்டிமீட்டர்தான். மட்டை துளி திரும்பினாலும் பந்து ஓரமாகப் போய்விடும்.

வேறு யாராக இருந்தாலும் 'நமக்குக் கை சரியில்லை' என்று இன்னும் நாலு நாள் பயிற்சி எடுப்பார்கள். சோல்ஹைம் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'இதில்தான் கோளாறு' என்றார். கூடம் கோணல்!

அந்தக் காலத்துப் பட்டர்கள் தட்டையான இரும்புத் துண்டுகள். நட்டநடுவில் பந்து பட்டால் சரி. கொஞ்சம் தள்ளிப் பட்டால் மட்டையின் தலை கையிலேயே முறுக்கிக்கொள்ளும். இதற்கு மருந்து, நம்ம கழைக்கூத்தாடிக்குத் தெரிந்த விஷயம்தான். கயிற்றின் மேல் நடக்கிறவர் கையில் நீளமான கழியை வைத்திருப்பது எதற்கு? எடை நடுவில் குவியாமல் இரண்டு முனைகளுக்கும் பரவி இருந்தால், அந்தப் பொருளைச் சட்டென்று திருப்ப முடியாது. சோல்ஹைம் அதையே பட்டரில் செய்தார். நடுவில் இரும்பைக் குறைத்து, எடையை இரண்டு ஓரங்களுக்கும் ஒதுக்கினார். இப்போது பந்து கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் மட்டை அசைந்துகொடுக்காது. இந்த யோசனையைச் சர்க்கரைக் கட்டிகளையும் ஐஸ்குச்சிகளையும் வைத்து அவர் சோதித்துப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

1959-ல் கலிஃபோர்னியாவில் தன் வீட்டு கார் ஷெட்டில் முதல் பட்டரைச் செய்தார். அதனால் பந்தைத் தட்டியபோது 'பிங்ங்ங்' என்று மணி அடித்த மாதிரி ஒரு சத்தம்! பெயர் கிடைத்துவிட்டது. மனைவி லூயிஸ் கணக்கு வழக்கு பார்க்க, பிள்ளைகள் கூடமாட ஒத்தாசை செய்ய, வியாபாரம் ஆரம்பமானது.

1966-ல் இன்னொரு யோசனை. கையில் பேப்பர் இல்லை. பக்கத்தில் கிடந்த கிராமபோன் இசைத்தட்டின் உறை மேலேயே படம் போட்டார். 'ஆன்ஸர்' என்று பெயர் வைக்கச் சொன்னார் லூயிஸ். விடை என்று அர்த்தம். மட்டையில் அவ்வளவு எழுத்துக்கு இடம் இல்லையே என்றார் கணவர். 'நடுவில் ஒரு எழுத்தை எடுத்துவிட்டால் போச்சு' என்றார் அம்மணி. அந்தக் குறை எழுத்தோடுதான் இன்றைக்கும் அது விற்கிறது. 1969-ல் ஜார்ஜ் ஆர்ச்சர் ஆன்ஸரை வைத்து மாஸ்டர்ஸ் பட்டத்தையே ஜெயித்தார். பிற்பாடு, காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஆளாளுக்கு அந்த வடிவத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். டைகர் உட்ஸ் 14 மேஜர் பட்டங்களில் பயன்படுத்திய பட்டர் வேறு கம்பெனியுடையது. ஆனால், அதன் ஜாடை ஆன்ஸரின் ஜாடை!

1967-ல் சோல்ஹைம் வேலையை விட்டுவிட்டு முழு நேர மட்டைக்காரர் ஆனார். செருப்புக் கடைப் புத்தி அப்போது கைகொடுத்தது. கால் அளவு பார்க்காமல் யாராவது ஷூ விற்பார்களா? மட்டைக்கு மட்டும் ஏன் எல்லோருக்கும் ஒரே அளவு? ஆளின் உயரம், மணிக்கட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரம் எல்லாம் அளந்து, மட்டையின் சாய்வை மாற்றி, எந்தச் சாய்வு என்பதற்கு அடையாளமாக ஒரு வண்ணப் பொட்டு வைத்தார். கறுப்புப் பொட்டு என்றால் சராசரி அளவு. ஃபீனிக்ஸுக்குப் போகிற ரசிகர்கள் அளவெடுத்துக்கொண்டு வருவது இந்தப் பொட்டுக்காகத்தான்.

இதுவரைக்கும் எல்லாம் சுபம். வில்லங்கம், இரும்பு மட்டையின் முகத்தில் உள்ள கோடுகளில் வந்தது. மட்டை முகத்தில் வரி வரியாகப் பள்ளங்கள் இருக்கும். பந்துக்குச் சுழற்சி கொடுப்பவை அவைதான். 1980-களில் பிங்கின் 'ஐ-2' மட்டைகள் சக்கைப்போடு போட்டன. அதன் பள்ளங்கள் பந்தின் தோலைச் சீவுகின்றன என்று ஆட்டக்காரர்கள் புகார் சொல்ல, சோல்ஹைம் பள்ளத்தின் விளிம்பை லேசாக மழுக்கினார். விளிம்பு மழுங்கினால் பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது? அளக்கிற ஆளைப் பொறுத்தது! அமெரிக்க கோல்ஃப் சங்கம் தன் வழியில் அளந்து, 'இடைவெளி போதாது, விதிமீறல்' என்றது. வித்தியாசம் என்னவோ மயிரிழைதான். சோல்ஹைம் விடவில்லை. 1989-ல் 10 கோடி டாலர் கேட்டு வழக்கு!

1990 ஜனவரியில் சமரசம். அதுவரை செய்த மட்டைகள் செல்லும், இனிமேல் செய்பவை சங்கத்தின் அளவுப்படி இருக்க வேண்டும் என்று முடிவானது. அதன் விளைவு 20 வருஷம் கழித்து வெடித்தது. 2010-ல் சுழற்சியைக் குறைக்கப் புதுப் பள்ள விதி வந்தபோது, ஃபில் மிக்கெல்சன் ஒரு பழைய ஐ-2 மட்டையை எடுத்து வந்தார். சமரசத்தின்படி அது செல்லும்! சக ஆட்டக்காரர் ஒருவர் 'ஏமாற்று' என்று சொல்லிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். கடைசியில் கார்ஸ்டனின் மகன் ஜான் சோல்ஹைம், நீதிமன்றம் வரை போய் அப்பா வாங்கிய அந்த உரிமையைத் தொழில்முறைப் போட்டிகளுக்கு விட்டுக்கொடுத்தார்.

யார் பக்கம் நியாயம்? சங்கத்தின் பயமும் புரிகிறது. கூடத்தை நிமிர்த்துகிறேன் என்று ஆரம்பித்து, ஆடுகிறவளுக்குப் பதில் கூடமே ஆடத் தொடங்கிவிட்டால் அப்புறம் ஆட்டம் எதற்கு? ஆனால், சோல்ஹைம் ஆடியவரின் கையைக் குறை சொல்வதற்கு முன்னால் கருவியை ஒரு தடவை அளந்து பாருங்கள் என்றார். அளந்து பார்த்தபோது அது கோணலாகத்தானே இருந்தது! வகுப்பில் பின்தங்கிய பிள்ளை, மெஷினில் தடுமாறும் தொழிலாளி என்று எத்தனை பேரை நாம் அந்தப் பழமொழியால் வாயடைத்திருப்போம்?

2000 பிப்ரவரியில் 88 வயதில் சோல்ஹைம் காலமானார். கம்பெனி இன்னும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. தங்க ஆன்டெனாவை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு வந்தவரின் கம்பெனி, ஜெயித்தவர்களுக்கு எல்லாம் தங்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒன்றே ஒன்று. ஃபீனிக்ஸில் அளவெடுத்து, பொட்டு வைத்த மட்டையோடு வீடு திரும்புகிற ரசிகருக்கு இனி ஒரு வசதி கிடையாது. கூடத்தை நிமிர்த்தியாயிற்று. இப்போதும் பந்து குழிக்குள் போகவில்லை என்றால், பழமொழியைத் தாராளமாகச் சொல்லலாம்!