வலையமைப்பு நிரலும் சாதனச் செலுத்தியும்: ஓர் எல்லைக்கோட்டின் வரலாறு

கணனித் தொடர்பாடல் பற்றிய பாடநூல்கள் ஏழு அடுக்குகளைக் கொண்ட மாதிரியொன்றுடன் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம் 1984 இல் வெளியிட்ட அம்மாதிரியைக் கற்கும் மாணவன், கோட்பாடு முதலில் வகுக்கப்பட்டது, நிரல்கள் பின்னர் அதற்கமைய எழுதப்பட்டன என்று எண்ணிவிடுதல் இயல்பே. வரலாறு அவ்வாறு அமையவில்லை. அன்றியும், இரு கணனிகள் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புகொள்ள வேண்டும் என்பதையே அம்மாதிரி முதன்மையாகக் கூறுகின்றது. ஒரே கணனியினுள்ளே, கம்பியோடு இணைந்த சாதனத்தை இயக்கும் செலுத்தி நிரலுக்கும், பொதிகளை ஆளும் வலையமைப்பு நிரலுக்கும் இடையில் கோடு எங்கே விழவேண்டும் என்பது அதன் பொருளன்று. அக்கோடு வேறு இடங்களில், வேறு தேவைகளின் நெருக்குதலால், அழித்தும் திருத்தியும் பலமுறை வரையப்பட்டது.

1967 ஏப்ரலில் ஐக்கிய அமெரிக்காவின் ஆன் ஆபர் நகரில், பாதுகாப்புத் திணைக்களத்தைச் சார்ந்த ஆர்ப்பா முகவரகத்தின் ஆதரவில் பணியாற்றிய ஆய்வாளர்கள் கூடினர். லோறன்ஸ் றொபேட்ஸ் அங்கு முன்வைத்த திட்டத்தின்படி, ஒவ்வொரு நிறுவனத்தின் பெருங்கணனியும் தன் சொந்தப் பணிகளோடு வலையமைப்புப் பணியையும் சுமக்க வேண்டியிருந்தது. கூடியிருந்தோரிற் பலர் இதனை விரும்பவில்லை. கணனி நேரம் அருமையாயிருந்த காலம் அது. தமக்குக் கிடைத்த நேரத்தைப் பிறருக்குப் பங்கிட எவரும் முன்வரவில்லை. அப்பொழுது வெஸ்லி கிளார்க் ஒரு யோசனை கூறினார்: ஒவ்வோரிடத்திலும் ஒரே வகையான சிறு கணனியொன்றை நிறுவி, வலையமைப்புப் பணியை அதனிடம் ஒப்படைக்கலாம் என்பதே அது. ஆக, முதலாவது எல்லை தூய வடிவமைப்பு வேண்டும் என்ற வேட்கையிலிருந்து தோன்றியதன்று. அயலானின் சுமையைத் தன் முற்றத்தில் இறக்க விடாத ஒரு தயக்கமே அதன் தாய் எனலாம்.

அச்சிறு கணனியை உருவாக்கும் பணி போல்ற் பெரனெக் அன்ட் நியூமன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஹனிவெல் 516 கணனியைத் திருத்தியமைத்து அந்நிறுவனத்தார் உருவாக்கிய 'இடைமுகச் செய்திச் செயலி'களில் முதலாவது, 1969 ஆகஸ்ட் இறுதியில் லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை அடைந்தது. முதல் நான்கு இடங்களிலும் இருந்த கணனிகளை நோக்குமிடத்து, பிரச்சினையின் தன்மை தெளிவாகும். லொஸ் ஏஞ்சலிஸின் சிக்மா 7 கணனியின் சொல் நீளம் 32 பிற். ஸ்ரான்போர்ட் ஆய்வு நிறுவனத்தின் எஸ்.டி.எஸ். 940 இன் சொல் நீளம் 24 பிற். சாந்தா பார்பராவின் ஐ.பி.எம். 360 கணனிக்கு 32. யூற்றாப் பல்கலைக்கழகத்தின் பி.டி.பி. 10 கணனிக்கோ 36. செய்திச் செயலியின் சொல் நீளம் 16 பிற் மட்டுமே.

இவ்வேறுபாடுகளுக்குக் கண்ட தீர்வு, அந்நிறுவனத்தின் 1822 ஆம் இலக்க அறிக்கையில் விரிவாக எழுதப்பட்டுள்ளது. தரவு பிற் பிற்றாகவே எல்லையைக் கடக்கும். ஒரு பிற்றைத் தந்தேன் என ஒரு பக்கமும், அடுத்ததை ஏற்க ஆயத்தம் என மறு பக்கமும் ஒவ்வொரு முறையும் சைகை கொடுக்கும். எனவே ஒன்றின் வேகத்தையோ சொல் நீளத்தையோ மற்றையது அறிய வேண்டியதில்லை. இணைப்பு மின்சுற்றும் இரு கூறானது: செய்திச் செயலியின் பக்கத்துக் கூறு எல்லா இடத்திற்கும் பொதுவானது, பெருங்கணனியின் பக்கத்துக் கூறு அவ்வவ்விடத்தார் தம் இயந்திரத்திற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டியது. ஏறத்தாழ 8,000 பிற் வரையான செய்தியைப் பெருங்கணனி கொடுக்கும். அதனை ஏறத்தாழ 1,000 பிற் கொண்ட பொதிகளாகப் பிரிப்பதும், வழி தேர்வதும், மறுமுனையில் ஒன்றுசேர்ப்பதும் செயலியின் கடமை. எனினும் எல்லை முற்றாக இறுகியிருக்கவில்லை. 24 பிற் சொல்லில் முடியும் செய்தி 36 பிற் சொல்லில் முடிவதில்லையாதலால், இறுதியில் நிரப்புப் பிற்றுகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. மறைத்துவைத்த சொல் நீளம் அந்த நிரப்பின் வழியே மீண்டும் எட்டிப் பார்த்தது.

இங்கு எல்லை என்பது ஓர் உருக்குப் பெட்டியின் சுவராக இருந்தது. ஈதர்நெற் போன்ற இடப்பரப்பு வலையமைப்புகள் பரவி, இணைப்பு அட்டைகள் கணனியினுள்ளேயே பொருத்தப்பட்டபோது அச்சுவர் மறைந்தது. 1974 இல் வின்ரன் சேர்வ், றொபேட் கான் ஆகியோர் வெளியிட்ட கட்டுரையும், 1978 அளவில் ரி.சி.பி., ஐ.பி. என நெறிமுறை இரண்டாகப் பிரிக்கப்பட்டமையும், எவ்வகை வலையமைப்பின் மீதும் இயங்கவல்ல பொது நிரலொன்றைச் சாத்தியமாக்கின. அப்பொது நிரல் கீழேயுள்ள சாதனத்தை எப்பெயரால் அழைப்பது என்ற வினா மட்டும் எஞ்சியது.

அவ்வினாவுக்குப் பெரிதும் பின்பற்றப்பட்ட விடை பேர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஆர்ப்பாவின் நிதியுதவியுடன் அங்கு வளர்ந்த யுனிக்ஸ் பணிசெயல் முறைமையின் 4.2 ஆம் வெளியீடு 1983 ஆகஸ்டில் வந்தது. போல்ற் பெரனெக் நிறுவனத்தார் எழுதிய ரி.சி.பி. நிரலைப் பில் ஜோய் ஏற்று, வேகத்தைக் கருதிப் பெரிதும் மாற்றியமைத்திருந்தார். இவ்வெளியீட்டில் ஒவ்வொரு சாதனமும் ஒரே வடிவிலான ஒரு பதிவேட்டினால் குறிக்கப்படுகின்றது. சாதனத்தின் பெயர், அது ஏற்கும் மிகப் பெரிய பொதியின் அளவு, அனுப்பக் காத்திருக்கும் பொதிகளின் வரிசை என்பவற்றோடு, தொடக்குதல், அனுப்புதல், கட்டுப்படுத்தல், மீளமைத்தல், காவல் பார்த்தல் ஆகிய தொழில்களுக்கான நிரற்கூறுகளின் முகவரிகளும் அதில் அடங்கும். பொதியை அனுப்ப விரும்பும் ஐ.பி. நிரல் அம்முகவரியை நாடுமேயன்றி, மறுபுறம் இருப்பது எந்த நிறுவனத்தின் அட்டை என வினவுவதில்லை. வந்துசேரும் பொதியைச் செலுத்தி ஒரு வரிசையில் இட்டு, மென்பொருள் இடையீடொன்றை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பழைய செய்திச் செயலிக்கான இணைப்பும் இப்பதிவேட்டின் கீழேயே வந்தது. சாதனமே இல்லாத, அனுப்பியதைத் தனக்கே திருப்பித் தரும் மீள்வளைய இடைமுகமும் அதே வடிவத்தைப் பெற்றது. இருப்பதற்கும் இல்லாததற்கும் ஒரே முகம் வாய்த்தது என்பதே இவ்வமைப்பின் பொதுமைக்குத் தக்க சான்றாகும்.

ஆயினும் கோடு சரியான இடத்தில் விழுந்ததெனக் கூறுதல் கடினம். ஈதர்நெற் தலைப்பை அமைக்கும் பணி செலுத்தியின் பக்கத்தில் விடப்பட்டமையால், ஒவ்வோர் ஈதர்நெற் அட்டையின் செலுத்தியிலும் ஏறக்குறைய அதே நிரல் பிரதிசெய்யப்பட்டது. ஓரிடத்திற் திருத்திய பிழை மற்றோரிடத்தில் எஞ்சுவதற்கு இது வாய்ப்பளித்தது. பின்வந்த வெளியீடுகளிலேயே அப்பகுதி பிரித்தெடுக்கப்பட்டுப் பொதுக்கூறாயிற்று.

இதனினும் கவனத்திற்குரியது 'பின்தலைப்பு' முறையின் கதை. வாக்ஸ் கணனியின் நினைவகம் 512 பைற் கொண்ட பக்கங்களாக வகுக்கப்பட்டிருந்தது. வந்த பொதியிலுள்ள தரவு பக்க எல்லையிற் சரியாகத் தொடங்குமாயின், அதனைப் படியெடுக்காமல் பக்க அட்டவணையை மாற்றியே பயனருக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் பொதியின் முன்னே ஐ.பி., ரி.சி.பி. தலைப்புகள் நிற்பதால் தரவு எல்லையிலிருந்து விலகிவிடும். பேர்க்லியார் துணிந்து தலைப்புகளைத் தரவின் பின்னே தள்ளினர். தரவு 512 பைற்றின் மடங்காக இருக்கும்போது இம்முறை கையாளப்பட்டது. 1984 ஏப்ரலில் சாமுவேல் லெவ்லர், மைக்கேல் கரெல்ஸ் ஆகியோர் அதனை 893 ஆம் இலக்கக் குறிப்பாகவும் வெளியிட்டனர். ஒரு கணனியின் நினைவகப் பக்க அளவு, செலுத்தியையும் எல்லையையும் தாண்டிக் கம்பியிலேயே எழுதப்பட்டுவிட்டது! வேறு இயந்திரங்கள் இத்தகைய பொதியைப் பெற்றபோது தலைப்பு இருக்கவேண்டிய இடத்தில் தரவையே கண்டன. படியெடுக்கும் செலவை மிச்சப்படுத்தியவர்கள் ஒரு சாரார். அதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறொரு சாரார். 1989 அக்டோபரில் வெளியான 1122 ஆம் இலக்கக் குறிப்பு, இரு முனைகளும் உடன்பட்டாலன்றி இம்முறையைக் கையாளலாகாது என விதித்தது.

பேர்க்லியாரை இதற்காகக் குறைகூறுதல் மட்டும் நியாயமாகாது. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் டேவிட் கிளார்க் 1982 யூலையிலேயே, அடுக்குகளைக் கோட்பாட்டில் உள்ளவாறே நிரலிலும் பிரித்தெழுதினால் வேகம் குன்றும் என எடுத்துக்காட்டியிருந்தார். நெறிமுறையின் அடுக்கு வேறு, நிரலின் கூறு வேறு என்பதே அவரது வாதத்தின் சாரம். தூய எல்லைக்கு ஒரு விலை உண்டு என்பதை அன்றைய வடிவமைப்பாளர்கள் அறிந்தேயிருந்தனர்.

தனியாள் கணனிகளின் உலகில் இதே வரலாறு வணிக உடையில் மீண்டும் நடந்தது. டொஸ் முறைமையில் வலையமைப்புக்கெனப் பொது இடைமுகம் இல்லாமையால், மென்பொருள் விற்போர் ஒவ்வோர் அட்டைக்கும் தனித்தனியே செலுத்தி எழுத வேண்டியிருந்தது. 1980களின் பிற்பகுதியில் எவ்.ரி.பி. சொவ்ற்வெயர் நிறுவனத்தின் பொதிச் செலுத்தி விவரணமும், மைக்குறோசொவ்ற், த்ரீகொம் ஆகியவை இணைந்து வகுத்த விவரணமும், நொவெல், அப்பிள் ஆகியவற்றின் விவரணமும் ஒன்றோடொன்று போட்டியிட்டன.

பேர்க்லி முறையில் மறைந்திருந்த மற்றொரு குறையைச் சுட்டியவர்கள் ஜெவ்ரி மோகுலும் கே. கே. ராமகிருஷ்ணனும் ஆவர். பொதி வந்ததும் சாதனம் இடையீடு செய்யும். செலுத்தி பொதியை மேலே தள்ளும். பொதிகள் வெள்ளமெனப் பெருகினால் கணனியின் நேரம் முழுவதும் அவற்றை வரவேற்பதிலேயே கழிந்து, வந்தவை யாவும் வரிசை நிரம்பிக் கைவிடப்படும். கணனி ஓயாது உழைத்தும் ஒரு பொதியும் உரியவரைச் சேராது. 1996 இல் வெளியிட்ட ஆய்வில் இந்நிலையை விளக்கிய அவர்கள், செலுத்தி தள்ளுவதற்குப் பதிலாக மேலுள்ள நிரலே கேட்டுப் பெறும் முறையைப் பரிந்துரைத்தனர். லினக்ஸ் முறைமை பின்னர் இதனையொத்த ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டது. அதன்படி முதற் பொதி வந்ததும் செலுத்தி தன் இடையீட்டை அடக்கி, தன் பெயரைப் பட்டியலில் இடும். எத்தனை பொதிகளை ஒரே தடவையில் ஒப்படைக்கலாம் என்ற அளவை வலையமைப்பு நிரல் விதிக்கும். பொதிகள் தீர்ந்த பின்னரே இடையீடு மீண்டும் திறக்கப்படும்.