எட்டாம் நாள்

எங்கள் அப்பா தஞ்சாவூர் ஜில்லாவில் அம்மை குத்துகிறவராக இருந்தார். நடுவில் முள்ளும் சுற்றிலும் பல்லும் வைத்த சின்ன வட்டத் தகடு. அம்மைப்பாலைத் தடவி, தோலில் அழுத்தி ஒரு திருகு. அவருடைய சைக்கிள் மணி கேட்டால் பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவிடுவார்கள். குத்துவதைவிட எட்டாம் நாள் திரும்பப் போய்ப் பார்ப்பதில்தான் அவருக்குக் கவனம். முத்து திரண்டிருந்தால் பேரேட்டில் ஒரு டிக்.

பெரியவர்கள்தான் கணக்கைக் குழப்புவார்கள். சிறுவயதில் குத்திக்கொண்டவருக்கு மறுபடி குத்தினால் இரண்டாம், மூன்றாம் நாளே சிவந்து அரிக்கும். எட்டாம் நாள் அடங்கியிருக்கும். "உடம்புக்கு ஞாபகம் இருக்குடா" என்பார். வியன்னாவில் பிர்கே என்ற குழந்தை மருத்துவர் இந்த அவசரச் சிவப்பைப் பற்றியும் யோசித்துத்தான் 1906இல் 'அலர்ஜி' என்ற சொல்லை உண்டாக்கினார்.

ஒரு சங்கடம் உண்டு. அம்மைப்பால் வெயிலில் செத்துப்போகும். செத்த பாலைக் குத்தினாலும், முன்பே குத்திக்கொண்டவர் கையில் அதே சிவப்பு வரலாம். அப்பா 'எதிர்ப்பு உண்டு' என்று எழுதிய கைகளில் எத்தனை அப்படியோ! 1960களில் உறையவைத்து உலர்த்திய மருந்து சோவியத் நாட்டிலிருந்து ஏராளமாக வந்த பிறகே அந்தச் சந்தேகம் குறைந்தது.

1971இல் நான் ரஜூலா கப்பலில் பினாங்கு போனேன். கையில் அம்மை குத்திக்கொண்டதற்கான மஞ்சள் சான்றிதழ். முதல்முறை குத்திக்கொண்டவருக்கு எட்டு நாள் கழித்துத்தான் அது செல்லும். மறுமுறைக்காரருக்கு அன்றே செல்லும். அப்பாவின் பேச்சைச் சட்டமே ஒப்புக்கொண்ட மாதிரி! ஆனால் மூன்றே வருடத்துக்கு.

மூன்று வருடம் ரொம்பக் கஞ்சத்தனம். 1902-03இல் லிவர்பூலில் பெரியம்மை பரவியபோது, குழந்தையில் குத்திக்கொண்ட முதியவர்களுக்கு நோய் வந்தாலும் சாவு குறைவாக இருந்தது. அமெரிக்காவில் ஒரேகான் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 25 முதல் 75 வருடம் முன்பு குத்திக்கொண்டவர்களின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அநேகமாகக் குறையவே இல்லை; டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் மட்டும் 8 முதல் 15 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகின. இந்த ஞாபகம் நோயையே தடுக்குமா என்று சோதிக்க வழியில்லை. இயற்கையாகப் பரவிய பெரியம்மை 1977இல் சோமாலியாவோடு முடிந்துவிட்டது.

என் இடக்கையில் அப்பா திருகிய இரண்டு வட்டத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. கப்பலுக்காகக் குத்திக்கொண்டதற்கு அடையாளமே இல்லை. இரண்டு நாள் அரித்தது, அவ்வளவுதான். எட்டாம் நாள் பார்க்க யாரும் வரவில்லை. அன்று நான் கடலில் இருந்தேன்.