ஃபைபர் கம்பி துருப்பிடிக்காது... ஆனா வீட்டுக்குப் போடலாமா?

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி தண்ணீரில் மிதந்தது. ஈரம் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். துரு உப்பி கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். அதனால்தான் 'துருவே பிடிக்காது' என்று விற்கப்படும் கண்ணாடி இழைக் கம்பி வீடு கட்டுபவர்களை ஈர்க்கிறது.

இது என்ன கம்பி?
கண்ணாடி இழைகளை ரெசினில் தோய்த்துச் செய்வது. எடை இரும்பில் கால் பங்குதான். இழுவிசையைத் தாங்குவதில் டிஎம்டி கம்பியை மிஞ்சும்.

அப்போ சிக்கல் எங்கே?
அளவுக்கு மீறி பாரம் ஏறினால் இரும்பு முதலில் நீளும். பீம் தொய்யும், விரிசல் விடும். அந்த எச்சரிக்கையில் ஆட்கள் வெளியேறிவிடலாம். ஃபைபர் கம்பி அப்படி இளகாது. எல்லையைத் தொட்டதும் பட்டென்று அறுந்துவிடும்.

அதனால் கணக்கே வேறு. இரும்புக் கம்பி பீமின் வலிமையில் 90% வரை கணக்கில் எடுக்கும் அமெரிக்க கான்கிரீட் கழகத்தின் வழிகாட்டி, ஃபைபர் கம்பி அறுந்து உடையக்கூடிய பீமுக்கு 55% மட்டுமே அனுமதிக்கிறது.

'12 எம்எம் இரும்புக்கு 10 எம்எம் ஃபைபர் போதுமா?'
வலிமையை மட்டும் பார்த்து மாற்றக் கூடாது. ஃபைபரின் விறைப்பு இரும்பில் கிட்டத்தட்ட கால் பங்குதான். அதே பாரத்துக்கு ஸ்லாப் அதிகமாகத் தொய்யும், விரிசலும் அகலமாகும்.

வேறு என்ன கவனிக்கணும்?
* தீப்பிடித்தால் ரெசின் இளகி, கான்கிரீட்டுடன் உள்ள பிடி தளரும்.
* சைட்டில் வளைக்க முடியாது. வளைவுகள் ஃபேக்டரியிலேயே செய்யப்பட வேண்டும்.
* வருடக்கணக்கில் அதிக பாரம் நின்றால், குறைந்த விசையிலேயே அறுந்துபோகலாம்.

விதி என்ன சொல்லுது?
கம்பியின் தரத்துக்கு ஐஎஸ் 18256:2023 இருக்கிறது. ஆனால் கம்பி தரமானது என்பதால் கட்டடம் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. வீடுகளுக்குப் பின்பற்றப்படும் ஐஎஸ் 456:2000 இரும்புக் கம்பிக்காக எழுதப்பட்டது. அந்த டிராயிங்கில் கம்பியை மட்டும் மாற்ற முடியாது.

கான்ட்ராக்டர் ஃபைபர் கம்பி போடலாம் என்றால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்திட்ட புது டிசைனைக் கேளுங்கள். தொய்வு, தீ, நீண்டகால பாரம் மூன்றுக்கும் அதில் கணக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் இரும்பே நல்லது. கவர் பிளாக் சரியாக வைத்து, கான்கிரீட்டை நன்றாக க்யூரிங் செய்தாலே துரு பெருமளவு தள்ளிப்போகும்.