பஞ்சு வைத்துத் தைக்கும் பருவம்

ஜப்பானில் அபூர்வமான குடும்பப் பெயர் ஒன்று உண்டு. எழுத்தில் ‘நான்காம் மாதம் முதல் நாள்’ என்று இருக்கும். வாய்விட்டுப் படிக்கும்போது ‘வத்தானுகி’ என்பார்கள். பஞ்சை உருவுதல் என்று அதற்குப் பொருள். குளிர்காலம் முழுக்க உடம்பைக் காத்த கிமோனோவின் தையலைப் பிரித்து, உள்ளே வைத்திருந்த பஞ்சை எடுத்துவிடும் நாள் அது. ஒரு நாளில் செய்யும் வேலையே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது என்றால், அந்த வேலை அந்த மக்களின் வாழ்வில் எவ்வளவு ஊறிப்போயிருக்க வேண்டும்!

வசந்தத்தில் எடுத்த பஞ்சு, இலையுதிர்காலத்தில் திரும்ப உள்ளே போகும். கோடை உடைகளை மடித்துப் பெட்டியில் வைத்து, குளிர்கால உடைகளை வெளியே எடுக்கும் இந்த வழக்கத்துக்குக் ‘கொரோமோகாயே’ என்று பெயர். கொரோமோ என்றால் உடை. காயே என்றால் மாற்றுதல். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதன் தேதியை அதிகாரத்தில் இருந்தவர்கள் குறித்தார்கள். வேலையை வீட்டுப் பெண்கள் செய்தார்கள். தேதிகள் ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பெண்களின் விரல்கள் செய்த வேலைக்கு அத்தனை பதிவு இல்லை.

கியோத்தோ நகரில் அரசவை கூடிய ஹெயான் காலத்தில் (794–1185), சீன வழக்கத்தைப் பின்பற்றி இது அரண்மனைச் சடங்காக வேரூன்றியது. பழைய நாட்காட்டியின் நான்காம் மாதம் முதல் நாள் கோடை உடை, பத்தாம் மாதம் முதல் நாள் குளிர்கால உடை. அன்று திரைச்சீலைகளையும் அறையின் மற்ற தட்டுமுட்டுச் சாமான்களையும்கூடப் பருவத்துக்கு ஏற்ப மாற்றினார்கள். அரண்மனையில் இந்தச் சடங்கின் பெயர் ‘கோயி’. பேரரசரின் உடை மாற்றத்தைக் கவனித்த பெண்களும் அதே பெயரால் அழைக்கப்பட்டார்கள். நாளடைவில் அது அந்தப்புரத்தில் ஒரு தகுதிநிலையாகவே ஆகிவிட்டது. முராசாகி ஷிகிபு எழுதிய ‘கெஞ்சியின் கதை’யில் நாயகனின் தாய் அப்படி ஒரு ‘கோயி’தான். ‘கோயி’ என்ற சொல் அந்தப் பெண்களுக்கு உரியதாகிவிட்டதால், உடை மாற்றத்தைக் குறிக்கக் ‘கொரோமோகாயே’ என்ற சொல் வழக்குக்கு வந்தது.

எதோ (இன்றைய தோக்கியோ) நகரத்திலிருந்து ஷோகுன்கள் என்ற படைத்தலைவர்கள் ஆண்ட காலத்தில் (1603–1868) கணக்கு இன்னும் நுணுக்கமானது. ஆண்டுக்கு நான்கு மாற்றங்கள். நான்காம் மாதம் முதல் நாளிலிருந்து உள்துணி வைத்துத் தைத்த கிமோனோ. ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளிலிருந்து உள்துணி இல்லாத மெல்லிய உடை. ஒன்பதாம் மாதம் முதல் நாள் மறுபடி உள்துணி. எட்டே நாள் கழித்து, ஒன்பதாம் நாள், பஞ்சு வைத்த உடை. இந்த விதி சாமுராய்களுக்காக வகுக்கப்பட்டது. நகரத்து மக்களும் அதையே பின்பற்றத் தொடங்கினார்கள்.

ஆனால் சாதாரணக் குடும்பத்தில் பருவத்துக்கு ஓர் உடுப்பு எங்கிருந்து வரும்? ஒரே கிமோனோதான் எல்லா வேடமும் போட்டது. பஞ்சை எடுத்தால் உள்துணி உடை. உள்துணியையும் பிரித்துவிட்டால் கோடை உடை. இலையுதிர்காலம் வந்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்துத் தைக்க வேண்டும். கிமோனோ நேர்கோட்டில் வெட்டிய நீளத் துண்டுகளால் ஆனது; தையலைப் பிரித்தால் மறுபடி முழுத்துணிபோல ஆகிவிடும். அப்படிப் பிரித்த துண்டுகளைத் துவைத்து, கடற்பாசிக் கஞ்சி போட்டு, நீண்ட பலகையில் சுருக்கமில்லாமல் ஒட்டிக் காயவைப்பார்கள். காய்ந்ததும் உரித்தெடுத்து, மறுபடி ஊசியும் நூலும். இதற்கு ‘அராயிஹாரி’ என்று பெயர். துவைத்து விரித்து ஒட்டுதல் என்று சொல்லலாம். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை உடுப்புக்கும் இந்த வேலை உண்டு. ஷோகுன் குறித்த தேதிக்குள் அத்தனையையும் முடிக்க வேண்டும். பருவ மாற்றத்தின் உண்மையான பாரம் விழுந்த இடம் இந்தப் பலகைதான்.

மாற்றிய துணியைப் பத்திரப்படுத்துவது தனிக் கலை. கிமோனோவைத் தடித்த காகித உறையில் மடித்து, ‘கிரி’ மரப் பெட்டியில் வைப்பார்கள். கிரி லேசான மரம். காற்றில் ஈரம் ஏறும்போது பலகை உப்பி இடுக்குகளை அடைத்துக்கொள்ளும், துணி நனையாது. வேகமாக வளரும் மரம் என்பதால், மகள் பிறந்ததும் கன்று நட்டு, அவள் கல்யாணத்தின்போது வெட்டிப் பெட்டி செய்து கொடுக்கும் வழக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் சக்கரம் வைத்த பெரிய துணிப்பெட்டிகளும் இருந்தன. தீப்பிடித்தால் அப்படியே இழுத்துக்கொண்டு ஓடலாம் என்பது கணக்கு. 1657-இல் எதோவைச் சாம்பலாக்கிய பெருந்தீயில், தெருவெல்லாம் இந்தப் பெட்டிகள் அடைத்துக்கொண்டு தப்பி ஓட வழியில்லாமல் போனது. 1683-இல் அவற்றுக்குத் தடை வந்தது.

பெட்டிக்குள் வைத்தது ‘ஷோனோ’. வேறொன்றுமில்லை, நம் வீட்டில் தீபாராதனைக்கு ஏற்றும் சூடம்தான். சூட மரக் கட்டையை நீராவியில் வாட்டி எடுப்பார்கள். அந்துருண்டை வருவதற்கு வெகுகாலம் முன்பே பட்டுத்துணியைப் பூச்சி அரிக்காமல் காத்தது அது. பட்டுப்புடவைகளை அவ்வப்போது எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பு மாற்றி வைக்கும் பாட்டிகளுக்கு ஜப்பானின் ‘முஷிபோஷி’ விளங்கும். பூச்சி போகக் காயவைத்தல் என்று அதற்குப் பொருள். கோடை மழை ஓய்ந்த பிறகு ஒரு முறை, இலையுதிர்காலத்தின் வறண்ட நாட்களில் ஒரு முறை.

இந்த வீட்டு வேலையின் மிகப் பெரிய வடிவத்தை நாரா நகரில் பார்க்கலாம். 756-இல் மறைந்த பேரரசர் ஷோமுவின் உடைமைகளைப் பேரரசி கோம்யோ தோதாய்ஜி புத்தர் கோயிலுக்கு அர்ப்பணித்தார். அவை ‘ஷோசோயின்’ என்ற மரக் கருவூலத்தில் சேர்ந்தன. 787-இலேயே அந்தப் பொருட்களை வெளியே எடுத்துக் காற்றாட வைத்துக் கணக்கெடுத்த ஆவணம் இருக்கிறது. சுமார் 9,000 பொருட்களைக் கொண்ட அந்தச் சேகரிப்பை இன்றும் ஆண்டுக்கு ஒரு முறை, இலையுதிர்காலத்தில்தான், பேரரசரின் முத்திரையை அகற்றித் திறக்கிறார்கள். 1946 முதல் அந்தச் சமயத்தில் நாரா தேசிய அருங்காட்சியகத்தில் அவற்றில் சிலவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டுப் பட்டுத்துணி இன்னும் எஞ்சியிருப்பதற்கு இந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு.

1873 ஜனவரி 1 அன்று ஜப்பான் சூரிய நாட்காட்டிக்கு மாறியது. ஷோகுன்களுக்குப் பின் வந்த மெய்ஜி அரசு தன் அதிகாரிகளின் மேற்கத்தியச் சீருடைக்கு இரண்டே தேதிகள் வைத்தது: ஜூன் 1, அக்டோபர் 1. பள்ளிகளும் அதையே எடுத்துக்கொண்டன. நேற்றுவரை வெள்ளைச் சட்டையில் வந்த பிள்ளைகள், அக்டோபர் முதல் தேதி காலையில் கருப்புக் கோட்டில் வந்தார்கள்.

வீட்டைக் கழுவித் துடைக்கும் வேலையிலும் அதே காலத்தில் அரசு தலையிட்டது. இது விளையாட்டல்ல, 1879-இலும் 1886-இலும் காலரா ஒவ்வொரு முறையும் 1,00,000 பேருக்கு மேல் பலிகொண்டிருந்தது. 1897-இல் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் வந்தது. 1899-இல் பிளேக் நாட்டுக்குள் நுழைந்தது. மறு ஆண்டு தோக்கியோ நகராட்சி நோயைப் பரப்பும் எலி ஒன்றுக்கு 5 சென் காசு கொடுத்து வாங்கியது. வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர்காலத்தில் ஒரு முறை எல்லா வீடுகளும் பெருந்துப்புரவு செய்தாக வேண்டும் என்றானது. குறித்த நாளில் தெரு முழுக்கத் தத்தாமி பாய்கள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். கழியால் அடித்துத் தூசு தட்டுவார்கள். தரைப்பலகைக்கு அடியிலும் பெருக்குவார்கள். போலீஸ்காரர் வீடு வீடாக வந்து பார்த்து, திருப்தியானால் ‘சோதனை முடிந்தது’ என்ற சீட்டை வாசலில் ஒட்டிவிட்டுப் போவார்.

கியோத்தோவின் பழைய வணிக வீடுகளில் அரசு சொல்லாமலேயே ஒரு மாற்றம் நடந்துவந்தது. ஜூனில் காகிதக் கதவுகளைக் கழற்றி, காற்று புகும் நாணல் கதவுகளை மாட்டுவார்கள். தத்தாமியின் மேல் பிரம்பு விரிப்பு போடுவார்கள். கோடை முடிந்ததும் எல்லாம் துடைத்துக் கிடங்குக்குப் போய்விடும், காகிதக் கதவுகள் திரும்ப வரும். வீடே உடை மாற்றிக்கொள்வதுதான் இது. சில வீடுகளில் இன்றும் நடக்கிறது.

பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் தேதி இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2005-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் ‘கூல் பிஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, கோடையில் கோட்டும் கழுத்துப்பட்டையும் இல்லாமல் வேலைக்கு வரச் சொன்னது. ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்துக்குப் பின் மின்சாரம் பற்றாக்குறையானபோது, 2011-இல் அந்தக் காலம் அக்டோபர் இறுதிவரை நீண்டது. 2021 முதல் அமைச்சகம் தேதியே குறிப்பதில்லை. வெயில் இலையுதிர்காலத்துக்குள்ளும் நீள்கிறது. எந்தச் சீருடை என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்ட பள்ளிகள் பல. நல்ல முடிவு அது. அரசவைக்கும் ஷோகுனுக்கும் வசதியாக இருந்த தேதி, வியர்க்கும் உடம்புக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

இஸே பெருங்கோயிலில் தேதி இன்றும் ஆட்டம் காணவில்லை. மே 14, அக்டோபர் 14 ஆகிய இரு நாட்களில் சூரியதேவி அமதெராசுவுக்குப் புதுத்துணி சாத்துகிறார்கள். பக்கத்து மாத்சுசாகாவில் நெய்த பட்டும் சணலும் துணியாகவே போகின்றன. கூடவே ஊசியும் நூலும் வைக்கிறார்கள்.