வன்னியிற் சங்கக்கடையின் எழுச்சியும் தளர்ச்சியும்

நாடெங்கும் கிளை பரப்பிய பெருங்கடை எனின், கொழும்புக் கோட்டையில் விளங்கிய கார்கில்ஸ், மில்லர்ஸ் முதலியவற்றையே கற்றோர் பலர் நினைவுகூர்வர். வன்னிக் கமக்காரனுக்கு அவை எட்டாதவை. நாடளாவிய கடையென அவன் அறிந்தது சங்கக்கடை ஒன்றே. அதன் வீழ்ச்சியே ஈண்டு ஆராயப்படுவது.

இரண்டாம் உலகப்போரில், 1942 இல், பர்மா யப்பானியர் கைப்பட, இலங்கைக்கு வந்த அரிசி தடைப்பட்டது. பங்கீட்டுக்கெனக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் ஊர்தோறும் எழுந்தன. அவற்றுக்குப் பொருள் வழங்கப் போர்க்காலத்தில் தோன்றிய கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. 1957 இல் அமைச்சர் பிலிப் குணவர்த்தனா பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை உருவாக்கினார். கடனுதவிக்கு 1961 இல் மக்கள் வங்கி தோன்றியது.

பலநோக்கு என்னும் அடைமொழியே இங்கு உற்றுநோக்கத்தக்கது. சங்கத்துக்கு இரு கைகள் இருந்தன. ஒரு கை கூப்பன் அரிசி, சீனி, மண்ணெண்ணெய், புடைவை ஆகியவற்றை விற்றது. மறு கை உத்தரவாத விலைக்கு நெல்லை வாங்கியது. இரணைமடுக் குளத்தின் கீழும் ஏனைய குடியேற்றத் திட்டங்களிலும் காடு வெட்டிக் கழனியாக்கியவர்க்குப் பின்னைய கையே பெரிது. நெல்லைக் கொடுத்த இடத்திலேயே உரமும் பயிர்க்கடனும் பெற்றனர். கடனும் நெல்விலையிற் கழிந்தது. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது விசுவமடு, முத்தையன்கட்டுத் தோட்டங்கள் செழித்தன. அக்காலத்துச் சங்கக்கடை வரிசையைப் பழிப்போர் அச்செழிப்பையும் உடன் நோக்குதல் வேண்டும்.

கடை தளர்ந்தமைக்கு முகாமையாளரின் கைச்சுத்தமின்மையே காரணம் என்பார் உளர். அது முற்றும் பொய்யன்று. ஆயின் அக்குறை முன்னரும் இருந்தது, கடையும் நிலைத்தது. உண்மைக் காரணம் வேறு. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1978 இல் இலவச அரிசி வருமானங் குறைந்தோர்க்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது. 1979 இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. அதன் பெறுமதி ரூபாயில் நிலைத்து நிற்க, விலைகளோ ஏறின. நெற்கொள்வனவிலும் தனியார் முந்தினர். விற்கும் கையும் வாங்கும் கையும் ஒருங்கே சோர்ந்தன.

பிற மாவட்டங்களில் நலிந்த இவ்வமைப்புக்கு வன்னியிற் போரே ஆயுளை நீட்டியது என்பது வியப்பே. 1990 களில் மண்ணெண்ணெய், சீமெந்து, மின்கலம் ஆகியன தடையுண்ட நாளில், இடம்பெயர்ந்தோர்க்குரிய நிவாரண உணவு சங்கங்களின் வழியாகவே பங்கிடப்பட்டது. எனினும் அஃது அரசின் பொருளைக் கைமாற்றும் பணியேயன்றி வாணிகமன்று. 2002 இல் ஏ-9 பாதை திறந்ததும் கொழும்புச் சரக்கு பெருகியது. 2006 இல் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2009 இல் போர் முடிந்தபோது, கட்டடமும் களஞ்சியமும் கணக்கேடும் ஊரோடு அழிந்திருந்தன.

மீளக்குடியேறியபின் சங்கங்கள் மீண்டும் இயங்கலாயின. எரிபொருள் நிலையம் நடத்துவனவும் உண்டு. கொழும்பு நிறுவனங்களின் பேரங்காடிக் கிளைகளும் நகரங்களுக்கு வந்துவிட்டன. பண்டம் வாங்க இன்று இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அறுவடை முடிந்து, உலர்த்தக் களமும் வைக்கக் களஞ்சியமும் இன்றி நிற்கும் கமக்காரன், லொறியுடன் வரும் வியாபாரி கூறும் விலைக்கு ஈரநெல்லை வயற்கரையிலேயே அளந்து கொடுக்கின்றான்.